எட்டாவது கேள்வி

மலையடிவாரத்து இரும்புக் கதவின் மேல் 'தண்ணீர்த் தொட்டிப் பராமரிப்பு அலுவலகம்' என்று பலகை மாட்டியிருந்தது. அது தண்ணீர்த் தொட்டி இல்லை என்பது ஊரில் தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்கு எதற்கு மூன்று சுற்று முள்வேலி, நாற்பது நாய், வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சுற்றுகிற கிண்ணங்கள்? ஆனாலும் பலகைக்கு மரியாதை கொடுக்க வேண்டுமே என்று, வெயில் காலத்தில் பெண்கள் காலிக் குடங்களோடு போய் வேலிக்கு வெளியே நின்று, "குழாயில சொட்டுத் தண்ணி வரலைங்க" என்று சத்தம் போட்டுவிட்டு வருவார்கள். காவலர்களும் துப்பாக்கியைத் தோளில் சரிசெய்துகொண்டு, "எழுதிக் குடுங்க, பாக்குறோம்" என்பார்கள். அப்படி எழுதிக் கொடுத்த மனுக்களை அடுக்கியிருந்தால் அந்த மலை இன்னும் நாலடி உயர்ந்திருக்கும்.

உள்ளே போய் லிஃப்டில் ஏறி, காது இரண்டு தடவை அடைத்துத் திறக்கிறவரை கீழே இறங்கினால் ஒரு சின்ன அறை. அதில் இரண்டு நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சாவித் துவாரம். நடுவில் பன்னிரண்டு அடி இடைவெளி. இரண்டு சாவிகளையும் ஒரே நொடியில் திருப்பி, ஐந்து எண்ணும்வரை விடாமல் பிடித்திருந்தால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு நகரம் இருக்காது. ஒரே ஆள் புத்தி கெட்டுப்போய் இரண்டையும் திருப்பிவிடக் கூடாது என்றுதான் அந்தப் பன்னிரண்டு அடி. அவ்வளவு நீளக் கை கொண்ட மனிதனைக் கடவுள் இன்னும் படைக்கவில்லை.

வலப்பக்க நாற்காலிக்காரருக்கு வலச்சாவி என்று பெயர். இடப்பக்கத்தவர் இடச்சாவி. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர்கள் அடையாள அட்டைக்குள்ளேயே பதினோரு வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

வேலைப் பழக்கம் வலச்சாவியின் எலும்பு வரைக்கும் இறங்கிவிட்டிருந்தது. வீட்டுக் கதவைப் பூட்ட வேண்டுமென்றாலும் மனைவி பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். அவர் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணித்தான் சாவியைத் திருப்புவார். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "நல்லவேளை, கல்யாணத்துலயே ரெண்டு பேர் வேணும்னு வச்சிருந்தாங்க. இல்லேன்னா உங்களுக்கு அதுவும் நடந்திருக்காது" என்பாள்.

இன்னொரு குணமும் உண்டு அவரிடம். சொன்னதைச் செய்வார். சொன்னதை மட்டும் செய்வார். ஒரு நாள் டீச்சர் பாலை அடுப்பில் வைத்து, "நான் வர்ற வரைக்கும் கிண்டிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். பேச்சு வளர்ந்துவிட்டது. மூன்று மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் பால் ஆவியாகி, பாத்திரத்தின் அடி ஆவியாகி, கரண்டியிலும் பாதி ஆவியாகி, மனுஷன் வெறும் காற்றைக் கிண்டிக்கொண்டிருந்தார். "ஏங்க, பால் தீஞ்சது தெரியலையா?" என்று கேட்டாள். "தெரிஞ்சது. நீ இன்னும் வரலையே" என்றார். டீச்சர்தான் அதை வெளியே சொன்னாள்; தெருவே சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அலுவலகத்திலோ அந்தக் குணத்துக்காகத்தான் அவரைப் பொறுக்கி எடுத்திருந்தார்கள்.

சாவிக்காரர்களுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமைதோறும் ஒருவரைப் பற்றி இன்னொருவர் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஏழு கேள்விகள். தூக்கம் எப்படி, பசி எப்படி, கோபம் உண்டா, குடி உண்டா, வீட்டில் சண்டை உண்டா, வேலையில் கவனம் உண்டா. ஏழாவதாக, 'இவரிடம் சாவியை ஒப்படைக்கலாமா?' கீழே, 'இவரை நன்கு அறிந்தவரின் கையொப்பம்'. வலச்சாவி நன்று, நன்று, இல்லை, இல்லை என்று மணி மணியாக எழுதுவார். இடச்சாவி அவரைவிட நாலு வயது இளையவர், வாய்த்துடுக்கு. 'தூக்கம்: அண்ணன் நன்றாகத் தூங்குகிறார், குறட்டையால் எனக்குத்தான் இல்லை' என்று எழுதுவார். அத்தனை படிவங்களிலும் மேலதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போடுவார். அவருக்குக் கஞ்சிச்சட்டை என்று பெயர். அவர் உட்கார்ந்த பிறகும் சட்டை கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருக்கும்.

இப்படியே போயிருக்கலாம். அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை நாலு மணிக்கு மணி அடித்தது.

மாதம் இரண்டு முறை அடிக்கிற மணிதான். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒலிபெருக்கி முதலில் 'ஒத்திகை' என்று சொல்லும். அன்று சொல்லவில்லை. எண்களை மட்டும் சொன்னது. இருவரும் முத்திரை போட்ட உறையைப் பிரித்து எண்களைச் சரிபார்த்தார்கள். சரியாக இருந்தன. இன்னொரு தடவை பார்த்தார்கள். அப்போதும் சரியாக இருந்தன.

வலச்சாவி கழுத்திலிருந்து சாவியை எடுத்துத் துவாரத்தில் செருகினார். இடச்சாவியும் செருகினார். வலச்சாவி எண்ணினார். மூன்று என்றதும் திருப்பினார். அவர் பக்கத்து விளக்கு எரிந்தது. அந்தப் பக்கத்து விளக்கு எரியவில்லை.

திரும்பிப் பார்த்தார். இடச்சாவி இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். வகுப்பில் டீச்சர் கையை நீட்டச் சொன்னால் பிள்ளைகள் உட்கார்வார்களே, அந்த மாதிரி.

பதினோரு நிமிடம் கழித்துக் கதவு திறந்தது. கஞ்சிச்சட்டை கைதட்டிக்கொண்டே உள்ளே வந்தார். ஒத்திகைதானாம். சொல்லாமல் வைத்த ஒத்திகை. நிஜம் என்று நினைத்தால் யார் என்ன செய்வார்கள் என்று பார்க்க வேண்டியிருந்ததாம். வலச்சாவி அப்போதும் சாவியைத் திருப்பிப் பிடித்தபடியே இருந்தார். ஐந்து எண்ணும்வரை பிடித்தால் போதும். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் கஞ்சிச்சட்டை அவரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார். அந்த நாற்காலியில் அதற்குமுன் உட்கார்ந்தது ஓர் அமைச்சரும் ஒரு பூனையும்தான்.

"ஆள்னா நீங்கதான்யா ஆளு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்களுக்குப் பதக்கம். வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க. இதைக் கேளுங்க, பெருமையா இருக்கும்" என்று மேசைமேல் இருந்த பெட்டியின் பொத்தானை அமுக்கினார். கீழே சாவி அறையில் பேசுவதெல்லாம் பதிவாகும் என்பதே வலச்சாவிக்கு மறந்துபோயிருந்தது.

ஒரு குரல் கத்தியது. "திருப்புடா! டேய், திருப்புடா!"

தெருவில் நாய்களை விரட்டுகிறவனின் குரல்போல இருந்தது. வலச்சாவி யாரோ என்று நினைத்தார். "யாருங்க இது?"

"யாரா? நீங்கதான். இருபத்து மூணு தடவை. எண்ணி வச்சிருக்கேன்."

தான் வாயே திறக்கவில்லை என்றுதான் அவர் முந்தின மாலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தார். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கத்தலுக்கு அடியில், மூச்சு வாங்குகிற இடைவெளிகளில், இன்னொரு குரல் கேட்டது. மெல்லிய குரல். கெஞ்சவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"அண்ணே, நமக்கு நாலு மணின்னா அவங்களுக்கும் நாலுதான்ணே."

"திருப்புடா!"

"பள்ளிக்கூடம் விடுற நேரம்ணே."

கஞ்சிச்சட்டை பொத்தானை அமுக்கி நிறுத்தினார். "பாத்தீங்களா, மூளை கலங்கிடுச்சு. இதை நாம ஊகிச்சிருக்கணும்." ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். திங்கட்கிழமைப் படிவம்தான், இடச்சாவியின் பெயர் போட்டது. "ஏழாவதுல 'கூடாது'ன்னு எழுதுங்க. காரணம், மனநிலை சரியில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள வேணும். மத்ததை ஆஸ்பத்திரியில பாத்துக்குவாங்க."

"ஆஸ்பத்திரியா? எத்தனை நாளைக்குங்க?"

"அவங்க போதும்னு சொல்ற வரைக்கும்."

அந்த ஆஸ்பத்திரிக்குள் போனவர்கள் வெளியே வருவதுண்டு. ஆனால் அந்தத் தாள் அவர்களுக்கு முன்னாலேயே ஊரெல்லாம் போய்விடும். ஒரு பேருந்து ஓட்டக்கூட யாரும் நம்பி விட மாட்டார்கள். கூடப்பிறந்தவன்போலப் பதினோரு வருடம் பன்னிரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவனின் மீதி வாழ்க்கை, வலச்சாவியின் சட்டைப் பையில் நாலாக மடிந்து கிடந்தது.

வீட்டில் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மடியிலும் மேசையிலும் தரையிலும் தாள்கள். அந்த வீட்டில் தாள் இல்லாத இடம் கூரை மட்டும்தான்.

வலச்சாவி வேலை ரகசியத்தை ஒரு நாளும் வீட்டில் சொன்னதில்லை. அன்று எல்லாவற்றையும் சொன்னார். அவள் திருத்திக்கொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நீங்க திருப்பினீங்களா?"

"ம்."

"நிஜம்னு நினைச்சுத்தானே?"

"ம்."

ஏழெட்டு ஐம்பத்தாறு என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. டீச்சர் அதற்குச் சிவப்பில் தப்பு போட்டாள். அடுத்ததற்கும் தப்பு போட்டாள். பேனாவை மூடி வைத்தாள். அவள் சரியான விடைக்குத் தப்பு போட்டு அவர் பார்த்ததே இல்லை.

அவருக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை. "நம்ம கையில அது இருக்குன்னு தெரிஞ்சாத்தான் எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன் பயப்படுவான். நாம திருப்புவோம்னு அவன் நம்பணும். அதனாலதான் இத்தனை வருஷமா யாரும் எதுவும் போடலை. என்னை மாதிரி ஆள் உக்காந்திருக்கிறதாலதான் நீ நிம்மதியாப் பள்ளிக்கூடம் போயிட்டு வர்றே."

"சரி, அப்படியே வச்சுக்குவோம்" என்றாள் டீச்சர். கணக்குப் போடுகிற குரல். "நேத்து நாலு மணிக்கு மணி அடிச்சுது. அவன் போட்டுட்டான்னு நினைச்சீங்க. அப்படின்னா நான் செத்தாச்சு. பள்ளிக்கூடம் போயாச்சு. இந்தத் தாளெல்லாம் சாம்பல். சரிதானே?"

"சரி."

"அதுக்கப்புறம் அந்தச் சாவியைத் திருப்பினா யாரைக் காப்பாத்தும்?"

வலச்சாவி தரையில் கிடந்த ஒரு விடைத்தாளைக் குனிந்து எடுத்தார்.

"என்னைக் காப்பாத்தாது. வேற யாரை? சொல்லுங்க. அங்கயும் ஒரு டீச்சர் நாலு மணிக்கு வாசல்ல நின்னு, 'ஓடாதே, வரிசையாப் போ'ன்னு கத்திக்கிட்டிருந்திருப்பா. அவ எனக்கு என்ன பண்ணினா? அவன் போடலேன்னா திருப்பறது கொலை. போட்டுட்டான்னா திருப்பறதும் கொலைதான். ரெண்டு வழியில போட்டாலும் விடை ஒண்ணுதான் வருது. இந்தக் கணக்கை இத்தனை வருஷம் யாருமே சரிபாக்கலையா?"

வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். வலச்சாவி திடுக்கிட்டு எழுந்து நின்றுவிட்டார்.

வியாழக்கிழமை காலை இடச்சாவியின் வீட்டுக்குப் போனார். அவர் நடு அறையில் பீரோவைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கண்ணே. நல்ல நேரத்துல வந்தீங்க. ரெண்டு நாளா இதை அந்தச் சுவர்ப் பக்கம் நகர்த்தணும்னு பாக்குறேன். ஒத்தை ஆளாத் தொட மனசு வரமாட்டேங்குது."

"உனக்குமா இந்த வியாதி?"

"நல்லவேளை, சோறு சாப்பிட ரெண்டு பேர் வேணும்னு இன்னும் தோணலை."

வலச்சாவி அந்தப் பக்கம் போய் பீரோவின் அடியில் கை கொடுத்தார். யாரும் சொல்லாமலே இருவரும் எண்ணினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. இருவரும் ஒரே நொடியில் தூக்கினார்கள். அந்தப் பீரோ எடைக்கு நாலு யானை பிடித்திருந்தால்கூட முதுகு பிடித்துக்கொண்டிருக்கும். இவர்கள் பூப்போல வைத்தார்கள். வைத்த பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"பதிவைக் கேட்டேன்டா" என்றார் வலச்சாவி. "நான் அப்படிக் கத்தினது எனக்கே தெரியாது."

"எனக்குத் தெரியும்ணே" என்று சிரித்தார் இடச்சாவி. பிறகு சிரிப்பு நின்றது. "நீங்க கத்தக் கத்த என் கை தானாப் போகப் பாத்துச்சு. மூணுன்னு நீங்க சொன்னா என் கை திரும்பிடும், பழக்கம் அப்படி. மூளைகிட்ட கேக்காது. அதான் கை மேல உக்காந்துட்டேன். எல்லாரும் எனக்கு ஏதோ பெரிய துணிச்சல்னு நினைப்பாங்க. இல்லண்ணே. என்னை நானே நம்பலை. அவ்வளவுதான்."

வலச்சாவி சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். இடச்சாவி அதைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டார்.

"என்ன எழுதச் சொன்னாங்க?"

"மூளை கலங்கிடுச்சுன்னு."

"எழுதுங்க, எழுதாதீங்கன்னு நான் சொல்லமாட்டேன். நான் சொல்லி நீங்க செஞ்சா, அதுவும் சொன்னதைச் செஞ்சதாத்தான் ஆகும்" என்றார் இடச்சாவி. "டீ குடிக்கிறீங்களா?"

திரும்பி வருகிற வழியில் வலச்சாவி தெரு முனையில் நின்று, சுவரில் படிவத்தை வைத்து எழுதினார். எழுதி முடித்ததும்தான் அடுத்த விஷயம் மண்டையில் உறைத்தது. இடச்சாவியின் படிவத்தை எழுத அவர் இருக்கிறார். மூளை கலங்கியவர் என்று ஒதுக்கப்பட்ட இடச்சாவியின் கையெழுத்து இனிச் செல்லாது; தன்னுடைய படிவத்தை எழுத யார் இருக்கிறார்கள்? இரண்டு படிவங்களும் இல்லாமல் அந்த அறையைத் திறக்கக் கூடாது என்பது விதி.

அன்று மாலை டீச்சர் முன்னால் வெறும் படிவத்தை வைத்தார். "இவரை நன்கு அறிந்தவர்னு போட்டிருக்கு."

டீச்சர் அதை மேலிருந்து கீழ்வரை படித்தாள். சிவப்புப் பேனாவைத் திறந்தாள். எழுதினாள், எழுதினாள், பரீட்சையில் நேரம் போதாத பிள்ளைபோல எழுதினாள். அவர் எட்டிப் பார்த்தபோது கையால் மறைத்தாள். மடித்துக் கொடுத்து, "குடுக்கிற இடத்துல பிரிங்க" என்றாள். சொன்னதைச் செய்கிறவர். பிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கஞ்சிச்சட்டையின் அறை ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் பதக்க விழாவுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். கஞ்சிச்சட்டை முதல் படிவத்தைப் பிரித்தார்.

"தூக்கம் நன்று. பசி நன்று. கோபம் இல்லை... சாவியை ஒப்படைக்கலாமா: ஆம்." நிமிர்ந்தார். "என்னய்யா இது?"

"கீழே காரணம் இருக்குங்க."

"'திருப்பக் கூடாததைத் திருப்பாதவர்.'" கஞ்சிச்சட்டையின் கழுத்துப் பட்டை கடகடத்தது. "நீங்களுமா? சரி, உங்க படிவம் எங்கே?"

வலச்சாவி இரண்டாவதை நீட்டினார். முழுவதும் சிவப்பு மை. கஞ்சிச்சட்டை பதினோரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு படிவத்தைப் படித்தார். வாய்விட்டே படித்தார், கேலி செய்கிற மாதிரி ஆரம்பித்து.

"தூக்கம்: இரண்டு நாளாக இல்லை. பசி: தட்டில் வைத்தது அப்படியே இருக்கிறது. கோபம்: தன்மேல் மட்டும். குடி: தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிப்பதில்லை. வீட்டில் சண்டை: புதன்கிழமை உண்டு, நான் ஜெயித்தேன். வேலையில் கவனம்: மிக அதிகம், அதுதான் பயம். சாவியை ஒப்படைக்கலாமா..."

குரல் இறங்கியது.

"கூடாது. காரணம்: இவர் நல்லவர். சொன்னதைச் செய்வார்."

வலச்சாவிக்கு அப்போதுதான் தெரிந்தது, தீய்ந்த பாத்திரத்தைத் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்த அந்தப் பெண் வீட்டுக்குள் அதைப் பற்றி ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை என்று.

கஞ்சிச்சட்டை தாளைக் கீழே வைக்கவில்லை. ஏழாவது கேள்விக்குக் கீழே, அச்சிட்ட கோடுகள் முடிந்த இடத்தில், டீச்சர் ஸ்கேல் வைத்துப் புதிதாக ஒரு கோடு போட்டிருந்தாள். கேள்வித்தாளில் விட்டுப்போனதைச் சேர்க்கிற மாதிரி, குண்டு குண்டாக எழுதியிருந்தாள்.

'8. இப்படி ஒரு சாவி இருக்கலாமா? (இதைப் படிப்பவர் விடை எழுதவும்.)'

கீழே நாலு வெறும் கோடுகள்.

கஞ்சிச்சட்டை பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார். வெளியே நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. அவருடைய சட்டை, பார்த்தவர்கள் சத்தியம் செய்வார்கள், முதல் தடவையாகச் சுருங்கியது.

"எனக்கும் மேல ஆள் இருக்காங்கய்யா" என்றார் கடைசியில்.

"அவங்களுக்கும் இதைக் காட்டுங்க. கோடு நாலு இருக்கு" என்றார் வலச்சாவி. கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். எண்ணவில்லை. ஒற்றை ஆளாகவே வைத்தார்.

பதக்க விழா நடக்கவில்லை. நாற்காலிகள் வரிசையாகப் போடப்பட்டு, வரிசையாகவே எடுக்கப்பட்டன. இருவருக்கும் மூளை கலங்கிவிட்டது என்று எழுதலாம் என்று மேலே யோசித்தார்கள். ஆனால் இருவரும் நன்று, நன்று என்று ஐந்நூற்றுச் சொச்சம் வாரம் எழுதி, கஞ்சிச்சட்டை கையெழுத்துப் போட்ட படிவங்கள் அலமாரி நிறைய இருந்தன. அவற்றை என்ன செய்வது? யோசித்து யோசித்து, சத்தம் இல்லாமல் இருவரையும் நகராட்சிக்கு மாற்றினார்கள், தண்ணீர்த் தொட்டிப் பராமரிப்புக்கு. நிஜமான தொட்டி, நிஜமான தண்ணீர்.

முதல் நாள் வால்வைத் திருப்பியதும் ஊர்க் குழாய்களில் வந்த வேகத்தில் மூன்று குடங்கள் பறந்தன என்று பேச்சு. பெண்கள் தொட்டியடிக்கே வந்து, "பதினோரு வருஷமா எழுதிக் குடுத்தோம், இப்பத்தான் உங்களுக்குக் கண்ணு தெரிஞ்சுதா?" என்று சண்டை போட்டார்கள். அந்த வால்வை ஒரே ஆள் திருப்பலாம். இவர்கள் இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு, மூன்று எண்ணித்தான் திருப்புகிறார்கள்.

டீச்சர் அடுப்பில் பால் வைத்துவிட்டு வாசலுக்குப் போனால், பொங்குகிற நேரத்தில் வலச்சாவி இப்போது தானே அணைத்துவிடுகிறார்.

மலையடிவாரத்தில் பலகை அப்படியே இருக்கிறது. நாய்களும் இருக்கின்றன. கீழே அந்த இரண்டு நாற்காலிகளும் ஒரு வாரம்கூடக் காலியாக இருக்கவில்லை. புதிதாக இரண்டு பேர் வந்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகளாம். சொன்ன சொல் தட்டாதவர்களாம்.

நாலு மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் வலச்சாவி வந்து நிற்பார். பிள்ளைகள் ஓடிவந்து அவர் முழங்காலில் முட்டிக்கொண்டு போவார்கள். கடைசியில் டீச்சர் விடைத்தாள் கட்டோடு வருவாள். கட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, தினமும் கேட்பதையே கேட்பாள்.

"அந்தத் தாள் திரும்பி வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"ம். வரட்டும்" என்பாள். சிவப்புப் பேனா பையில்தான் இருக்கிறதா என்று ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.